நிரூபிக்கும் சுமை: அயல்மண்ணில் ஆர்மீனியர்



பாரிமுனையில் ஆர்மீனியன் தெரு என்றும் அரண்மனைக்காரத் தெரு என்றும் வழங்கும் தெருவில் ஓர் ஆர்மீனியர் தேவாலயம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794இல் இந்த நகரத்தில்தான் அச்சானது. சைதாப்பேட்டையில் இன்று மறைமலை அடிகள் பாலம் இருக்கிறதே, அந்த இடத்தில் 1726இல் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவருடைய கைங்கரியம். சென்னையின் பழம்பெருமை பேசுகிறவர்கள் இத்தனையையும் தவறாமல் சொல்வார்கள். 1749இல் நடந்ததை மட்டும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். மூன்று ஆண்டு கழித்து ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. வந்ததும் அவர்கள் செய்த காரியங்களில் ஒன்று, கத்தோலிக்கரும் ஆர்மீனியரும் கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் நகரத்தில் இனிக் குடியிருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கு உடந்தையாக இருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆங்கிலேயருக்குள்ள உரிமைகள் ஆர்மீனியருக்கும் உண்டு என்று 1688இல் லண்டனில் எழுதிக்கொடுத்த அதே கிழக்கிந்தியக் கம்பெனிதான் இப்படிச் செய்தது. உஸ்கானுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே ஆசை காட்டி அழைத்தும் அவர் அந்தப் பக்கம் போகவில்லை, அதனால் பெருஞ்செல்வத்தை இழந்தார், அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆக, ஒருவர் தன் விசுவாசத்தை நிரூபித்துக்காட்டினார், வீட்டை வைத்துக்கொண்டார். நிரூபிக்க வாய்ப்பில்லாத மற்றவர்கள் வெளியேறினார்கள். ஆர்மீனியர்மீது இருந்த சந்தேகத்துக்கோ எந்தச் சேதாரமும் இல்லை.

இன்றைய உரையில் நான் பேச எடுத்துக்கொண்டது இந்த ஏற்பாட்டைப் பற்றித்தான். வெளிநாட்டில் வாழும் ஓர் ஆர்மீனியர்மேல் ஊரார் ஒரு பட்டத்தைச் சூட்டிவிடுகிறார்கள். ‘நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழுகிறது. நிரூபித்தால் என்ன ஆகிறது, நிரூபிக்க மறுத்தால் என்ன ஆகிறது என்பதை நான்கைந்து ஊர்களில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ஃபிரெஸ்னோ. உலர்திராட்சைக்குப் பேர்போன ஊர். 1881 வாக்கில் செரோப்பியான் என்ற குடும்பத்துச் சகோதரர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மண்ணும் வெயிலும் திராட்சையும் தங்கள் ஊரைப் போலவே இருக்கின்றன என்று உறவுக்காரர்களுக்குத் தகவல் போயிற்று. 1890களில் ஒட்டோமான் சுல்தான் அப்துல் ஹமீது காலத்துப் படுகொலைகளும், பிறகு 1915இன் இனப்படுகொலையும் மேலும் பலரை அங்கே கொண்டுவந்து தள்ளின. கூலிக்குத் திராட்சை பறித்தவர்கள் சில ஆண்டுகளில் தோட்டம் வாங்கினார்கள். அங்கேதான் உள்ளூர்க்காரர்களுக்கு உறுத்தத் தொடங்கியது.

‘ஃபிரெஸ்னோ இந்தியர்கள்’ என்று அவர்களுக்குப் பட்டப்பெயர் வந்தது. இந்தியர் என்றால் நாம் அல்ல, அமெரிக்கப் பழங்குடிகள். ஒரே பட்டத்தில் இரண்டு சமூகங்களை இழிவுபடுத்தும் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். தேவாலயத்தில் சமமான இடம் கிடைக்கவில்லை. ஆகவே 1897இல் தங்களுக்கென்று ஒரு பிரெஸ்பிட்டேரியன் சபையை நிறுவிக்கொண்டார்கள். வீட்டுக் கதை இன்னும் மோசம். நாம் வீடு வாங்குமுன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்போம். ஃபிரெஸ்னோவின் நல்ல குடியிருப்புகளில் பத்திரத்துக்குள்ளேயே வில்லங்கம் இருந்தது. இந்த மனையை இன்னின்ன இனத்தாருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனையில் ஆர்மீனியரும் இடம்பெற்றார்கள். இப்படிப்பட்ட இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல்.

ஊராரைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். கேட்டும் பார்த்தார் ஒருவர். ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் ஃபிரெஸ்னோ ஆர்மீனியரைப் பற்றி ஆய்வு செய்து 1930இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆர்மீனியர்கள் ஏமாற்றுக்காரர்கள், தர்மக் காசில் வாழ்கிறவர்கள், எதற்கெடுத்தாலும் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் என்று ஊரார் சொன்னார்கள். லாபியர் பதிவேடுகளைத் தேடிப்போனார். வணிகர் சங்கத்தின் கடன் மதிப்பீட்டில் ஆர்மீனியர் மற்றவர்களுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர்களாக இல்லை. தர்ம உதவி கேட்டு வந்தவர்களில் அவர்கள் குறைவு. வழக்குகளிலும் குறைவு.

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது ஒரு விஷயம். அந்தக் கடன் மதிப்பீட்டை எழுதி வைத்தவர்கள் ஃபிரெஸ்னோ வணிகர்களே. ஆர்மீனியருக்குக் கடன் கொடுத்தவர்கள், ஒழுங்காகத் திரும்பப் பெற்றவர்கள், அதைப் பதிவேட்டில் ஏற்றியவர்கள். கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் ‘ஏமாற்றுக்காரப் பயல்கள்’ என்று பேசிக்கொண்டவர்களும் அவர்களாகவே இருந்திருக்கலாம். உண்மை தெரியாததால்தான் வெறுப்பு வருகிறது, தெரிந்தால் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஃபிரெஸ்னோவில் உண்மை மேசை இழுப்பறையிலேயே இருந்தது.

இதே காலத்தில் அமெரிக்காவின் மற்ற இடங்களில் ஆர்மீனியருக்கு இன்னொரு முகம் இருந்தது: பசியால் வாடும் ஆர்மீனியர். 1915இல் தொடங்கிய நிவாரண அமைப்பு ஒன்று, பின்னாளில் அண்மைக் கிழக்கு நிவாரணம் என்று பெயர் பெற்றது, பதினைந்து ஆண்டுகளில் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. தட்டில் சோற்றை மீதம் வைத்த குழந்தைகளிடம் ‘பட்டினி கிடக்கும் ஆர்மீனியரை நினைத்துப் பார்’ என்று தாய்மார்கள் சொன்னார்கள். அந்தப் பணம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றியது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் தொலைவில் இருக்கிற பட்டினி ஆர்மீனியருக்குக் காணிக்கை போட்டுவிட்டு, பக்கத்து மனையை வாங்க வருகிற ஆர்மீனியரைத் திருப்பி அனுப்புவதில் ஊருக்கு எந்தச் சங்கடமும் இருக்கவில்லை. 1924இல் வந்த குடிவரவுச் சட்டம் துருக்கிக்கு ஒதுக்கிய இடம் ஆண்டுக்கு 100. இரக்கமும் பத்திர நிபந்தனையும் ஒரே கையெழுத்தில் இருந்தன என்று சொன்னால் மிகையாகாது.

இனி நீதிமன்றத்துக்கு வருவோம். இது நம் ஆட்களும் சம்பந்தப்பட்ட கதை.

1790ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி ‘சுதந்திரமான வெள்ளையர்’ மட்டுமே குடியுரிமை கோரலாம். 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் சேர்க்கப்பட்டார்கள். ஆசியர் சேர்க்கப்படவில்லை. ஆர்மீனியர் பிறந்தது ஆசியா மைனரில். ஆகவே அவர்கள் ஆசியர், குடியுரிமை கிடையாது என்று அதிகாரிகள் வாதிட்டார்கள். 1909இல் பாஸ்டனில் ஹல்லாஜியான் உள்ளிட்ட நான்கு ஆர்மீனியரின் மனுவை விசாரித்த நீதிபதி லோவெல், அவர்கள் வெள்ளையரே என்றார். விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. 1913இல் கலிபோர்னியா ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் விவசாய நிலம் வைத்திருக்கக் கூடாது என்றது அது. குறி ஜப்பானியர்மேல். என்றாலும் ஆர்மீனியரை வெள்ளையர் பட்டியலிலிருந்து எடுத்தால், ஃபிரெஸ்னோவின் திராட்சைத் தோட்டங்களும் அவர்கள் கையைவிட்டுப் போயிருக்கும். நிறம் என்பது அங்கே கண்ணாடியில் பார்க்கும் சமாச்சாரம் அல்ல, நிலப்பட்டா சமாச்சாரம்.

அடுத்து வருகிறார் பகத் சிங் திண்ட். பஞ்சாபி சீக்கியர். முதல் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தில் தலைப்பாகையோடு பணியாற்றியவர். 1920இல் ஒரிகன் மாநிலத்தில் நீதிபதி சார்ல்ஸ் வோல்வர்ட்டன் அவருக்குக் குடியுரிமை வழங்கினார். அரசு மேல்முறையீடு செய்தது. இந்தியர்களை அன்றைய இனவியல் காக்கேசியர் என்று வகைப்படுத்தியிருந்ததைத் திண்டின் தரப்பு எடுத்துக்காட்டியது. 1923 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரே வீச்சில் அதைத் தள்ளிவிட்டது. அறிவியல் என்ன சொன்னாலும் சரி, வெள்ளையர் என்று சாதாரண மனிதன் யாரை நினைக்கிறானோ அவர்தான் வெள்ளையர் என்பது தீர்ப்பின் சாரம். சாதாரண மனிதன் என்றால் யார்? ஃபிரெஸ்னோவில் பத்திரம் எழுதியவனும் சாதாரண மனிதன்தானே.

தீர்ப்பு வந்த கையோடு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்து அதைப் பறிக்கும் வழக்குகள் தொடங்கின. வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்தார். குடியுரிமை போயிற்று, கடையும் வீடும் போயின, 1928இல் தற்கொலை செய்துகொண்டார்.

திண்ட் வழக்கில் வென்ற தெம்பில் அரசு அதே ஒரிகனில் ஓர் ஆர்மீனியரைப் பிடித்தது. டாட்டோஸ் கார்ட்டோசியான், போர்ட்லண்ட் நகரத்துக் கம்பள வியாபாரி, 1923இல் குடியுரிமை பெற்றவர். அதை ரத்து செய்யக் கோரி வழக்கு. இது ஒருவர் வழக்கல்ல என்பது ஆர்மீனியருக்குப் புரிந்துவிட்டது. நாடு முழுவதும் பணம் திரட்டினார்கள். மானிடவியலின் பெரும்பெயரான ஃபிரான்ஸ் போவாஸ் சாட்சி சொன்னார். அறிவியல் மட்டும் போதாது என்று திண்ட் தீர்ப்பு கற்றுக்கொடுத்திருந்ததால், ஆர்மீனியர் வெள்ளையரோடு எவ்வளவு கலந்து பழகுகிறார்கள், எத்தனை திருமணங்கள் நடந்திருக்கின்றன, பழங்காலம் முதல் அவர்கள் எப்படிக் கிறிஸ்தவர்களாக இருந்து, துருக்கியரோடும் குர்துகளோடும் சேராமல் ஒதுங்கி நின்றார்கள் என்றெல்லாம் சாட்சியம் வைக்கப்பட்டது. ஃபிரெஸ்னோவில் தனிச் சபை கட்ட வேண்டியிருந்த மக்கள், போர்ட்லண்டில் தாங்கள் எல்லோரோடும் கலந்துவிட்டவர்கள் என்று காட்ட வேண்டியிருந்தது.

1925 ஜூலையில் கார்ட்டோசியான் வென்றார். தீர்ப்பு எழுதியவர் யார் தெரியுமா? திண்டுக்குக் குடியுரிமை வழங்கிய அதே வோல்வர்ட்டன்.

இந்தத் தீர்ப்பைக் கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. அதற்காக ஆர்மீனியரைக் குறை சொல்ல மாட்டேன். சொந்த ஊரில் அழிக்கப்பட்டு வந்தவர்கள், கையில் இருக்கிற கடைசி நிலத்தைக் காப்பாற்ற என்ன வாதம் எடுபடுமோ அதைத்தான் வைப்பார்கள். நாம் இருந்தாலும் அதைத்தான் வைத்திருப்போம். இருந்தாலும் வாதத்தின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். கோடு போட்டது தவறு என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் கோட்டுக்கு உள்ளே இருக்கிறோம், துருக்கியரும் குர்துகளும் வெளியே இருக்கிறார்கள் என்றுதான் சொன்னார்கள். திண்டும் அதேபோலத் தன்னை உயர்ந்த ஆரிய வம்சம் என்றே வாதிட்டார், தனக்குக் கீழே பலரை நிறுத்திவிட்டு. அவர் தோற்றார், இவர் வென்றார். இந்தியர்களுக்குக் குடியுரிமை வழி திறந்தது 1946இல். இனத் தடை முழுவதும் நீங்கியது 1952இல். அதுவரை கோடு பத்திரமாக இருந்தது.

நிரூபிக்க மறுத்தவர்களும் உண்டு. ஃபிரெஸ்னோவில் 1908இல் பிறந்து, தகப்பனை இழந்து சில ஆண்டுகள் அநாதை இல்லத்தில் வளர்ந்த வில்லியம் சரோயான் வேறு வழியில் போனார். எங்கள் ஆட்கள் யோக்கியர்கள், கடனைத் திருப்பிக் கட்டுகிறவர்கள் என்று அவர் கதை எழுதவில்லை. 1940இல் வந்த ‘மை நேம் இஸ் ஆரம்’ தொகுப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் வரும் மாமன்களும் சித்தப்பாக்களும் உருப்படாத தோட்டம் போடுகிறவர்கள், காரணமில்லாமல் கத்துகிறவர்கள், கிறுக்கர்கள். மனிதர்களாக இருப்பதற்கு அவர்கள் யாரிடமும் நற்சான்றிதழ் வாங்கவில்லை. அதே ஆண்டு அவருடைய நாடகத்துக்குப் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டபோது, வேண்டாம் என்றார்.

சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் போனவர்களில் சிலர் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அதே ஃபிரெஸ்னோவில் பிறந்த கிரெகோர் ஒஹானியான், மைக் கானர்ஸ் ஆனார். 1967இல் தொடங்கிய ‘மேனிக்ஸ்’ தொடரில் அவர் நடித்த துப்பறிவாளர் பாத்திரம் ஆர்மீனியராகவே அமைந்தது, சில அத்தியாயங்களில் ஆர்மீனிய மொழியும் பேசியது. நடிகர் பெயரை மறைத்தார், பாத்திரம் அடையாளத்தைச் சொல்லியது; இதுவும் ஒரு வழி.

ஃபிரான்ஸில் நடந்தது வேறு மாதிரி. மிசாக் மனூஷியான் 1906இல் துருக்கியில் பிறந்து, படுகொலையில் பெற்றோரை இழந்து, லெபனான் அநாதை இல்லத்தில் வளர்ந்து, ஃபிரான்ஸுக்குத் தொழிலாளியாக வந்தவர். கவிஞர், கம்யூனிஸ்ட். ஃபிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு இருமுறை விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. ஜெர்மானியர் நாட்டைப் பிடித்தபோது, அந்தக் குடியுரிமை இல்லாத நாட்டுக்காக ஆயுதம் எடுத்தார். அவரும் தோழர்களும் பிடிபட்ட பிறகு, 1944இல் நாஜிகள் ஒரு சிவப்புச் சுவரொட்டியை ஊரெங்கும் ஒட்டினார்கள். பத்து முகங்கள். ஒவ்வொன்றின் கீழும் போலந்து யூதர், ஹங்கேரி யூதர், ஸ்பானியர், இத்தாலியர் என்று இனக்குறிப்பு. மனூஷியான் படத்தின் கீழ் ‘ஆர்மீனியர், கும்பல் தலைவர்’. எதிர்ப்புப் போராட்டம் அந்நியப் போக்கிரிகளின் வேலை என்று ஃபிரெஞ்சு மக்களை நம்பவைப்பது நோக்கம். சில இடங்களில் மக்கள் அந்தச் சுவரொட்டிக்கு அடியில் பூ வைத்தார்கள். அவரைப் பிப்ரவரி 21 அன்று சுட்டுக்கொன்றார்கள். சரியாக 80 ஆண்டு கழித்து, 2024இல் அதே நாளில், மனைவி மெலினேயோடு அவரைப் பாந்தியோன் நினைவகத்தில் வைத்தது ஃபிரெஞ்சுக் குடியரசு. இவ்வளவு நிரூபித்தால்தான் இடம் கிடைக்கும் என்றால் அது எல்லோராலும் ஆகிற காரியமா?

இஸ்தான்புல் ஆர்மீனியருக்கு அயல்மண் அல்ல, துருக்கியர் வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தவர்கள் அவர்கள். ஆனாலும் சொந்த ஊரிலேயே அயலாராக்கப்பட்டார்கள் என்பதால் ஹ்ராண்ட் டிங்க்கை இங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. 1996இல் துருக்கி மொழியிலும் ஆர்மீனிய மொழியிலும் ‘அகோஸ்’ வார இதழைத் தொடங்கியவர். அவர் சங்கடமான ஆள். துருக்கியரிடம் 1915ஐப் பற்றிப் பேசினார். வெளிநாட்டு ஆர்மீனியரிடமோ, துருக்கியர்மீதான உங்கள் ஆத்திரம் உங்கள் ரத்தத்தில் விஷமாக ஓடுகிறது, அதிலிருந்து விடுபடுங்கள் என்று எழுதினார். தன் சமூகத்தை நோக்கி அவர் சொன்னதைத் துருக்கிய ரத்தத்தை விஷம் என்றதாகத் திரித்து, துருக்கியத்தை அவமதித்த குற்றத்துக்காக 2005இல் தண்டனை கொடுத்தார்கள். 2007 ஜனவரி 19 அன்று அலுவலக வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இறுதி ஊர்வலத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல், பெரும்பாலும் துருக்கியர், ‘நாங்கள் எல்லோரும் ஆர்மீனியர்’ என்ற அட்டைகளோடு நடந்தார்கள். போர்ட்லண்டில் ஆர்மீனியர் கோட்டுக்கு உள்ளே வர முயன்றார்கள். இங்கே உள்ளே இருந்தவர்கள், ஒரு நாளைக்காவது, கோட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். அதற்கு விலையாக ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதெல்லாம் பழங்கதை என்று மாணவர்கள் நினைக்கலாம். லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் கிளெண்டேல் என்ற நகரம், அமெரிக்காவில் ஆர்மீனியர் நெருக்கமாக வாழும் இடம். கலிபோர்னியாவுக்கு ஜார்ஜ் டுக்மேஜியான் என்ற ஆர்மீனியர் எட்டு ஆண்டுகள் ஆளுநராக இருந்து முடித்து மூன்று பத்தாண்டுகள் ஆன பிறகு, 2023 நவம்பரில், அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு முகமை சிட்டி வங்கிமீது ஓர் உத்தரவு போட்டது. குறைந்தது 2015 முதல் 2021 வரை, குடும்பப் பெயர் ‘யான்’ என்று முடியும் விண்ணப்பதாரர்களை, முக்கியமாகக் கிளெண்டேல் பகுதிக்காரர்களை, வங்கி ஊழியர்கள் தனியாகப் பொறுக்கியெடுத்துக் கடன் அட்டை மறுத்தார்கள் என்பது முகமையின் கண்டறிதல். இதைப் பற்றி எழுத்தில் பேசாதீர்கள், பதிவாகும் தொலைபேசியில் பேசாதீர்கள் என்று மேலதிகாரிகள் சொல்லிவைத்திருந்தார்கள். மறுக்கப்பட்டவர்களுக்குப் பொய்யான காரணங்கள் சொல்லப்பட்டன. அபராதம் 2.45 கோடி டாலர், பாதிக்கப்பட்டவர்களுக்கு 14 லட்சம் டாலர்.

அந்தப் பகுதியில் ஆர்மீனியர் சிலர் நடத்திய மோசடிக் கும்பலைத் தடுக்கத்தான் ஊழியர்கள் வரம்பு மீறினார்கள் என்றது வங்கி. கும்பல் இருந்ததை மறுக்க வேண்டியதில்லை. எந்தச் சமூகத்தில்தான் திருடன் இல்லை? ஆனால் மோசடிக்காரன் என்று ஒருவனைக் கண்டுபிடிக்க அவன் கணக்கைப் பார்க்க வேண்டும். அவன் பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்தால் போதும் என்று நினைத்த இடத்தில், 1930இன் ஃபிரெஸ்னோ திரும்பி வந்துவிட்டது. அதுவும் அதே கடன் விஷயத்தில்.

ஒரு வித்தியாசம் உண்டு. கார்ட்டோசியானுக்குத் தன்மேல் என்ன குற்றச்சாட்டு என்று தெரியும். எதிரே அரசு வக்கீல் இருந்தார், நீதிபதி இருந்தார், போவாஸை அழைக்க முடிந்தது. கிளெண்டேல்காரருக்கு வந்தது ஒரு மறுப்புக் கடிதம். அதில் சொன்ன காரணம் பொய் என்பதே அவருக்குத் தெரியாது. நிரூபிக்கும் சுமை அவர் தலையில்தான் இருந்தது, ஆனால் சுமை இருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. கணினியே விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கும் இந்தக் காலத்தில், மறுக்கப்பட்டவருக்கு உண்மையான காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது எப்படி, அந்தக் கட்டாயம் மீறப்படுவதை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது எப்படி என்பது சட்டம் படிக்கிற உங்களுக்கான கேள்வி. கேள்வி நேரத்தில் அதையே முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று அவைத்தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.